விரதத்துக்கு ஆகும் சேவல் தண்ணி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் தோட்டத்துக் கங்காணி ஆறுமுகம் மண்டோர் வீட்டுச் சந்தோஷத்தைப் பார்த்தோம். மலேசியாவில் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர் மகள் காந்திமதியை, சிரம்பானில் நடக்கும் மாநிலத் தேர்வு ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முதலில் வரும் இரண்டு பேருக்கு மாநில அணியில் இடம், பட்டணத்தில் தங்க விடுதி, பகலில் ஓர் ஆபீஸ் வேலை. இனி அவள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் பால்மரம் வெட்டப் போக வேண்டாம்.

தாய் பஞ்சாலைக்கு அணியும் தெரியாது, பதக்கமும் தெரியாது. மகள் பால்மரத்துக்குப் போக வேண்டாம் என்ற அந்த ஒன்று போதும். தலைகால் புரியாத சந்தோஷத்தில் நேரே தோட்டத்து மாரியம்மனிடம் ஓடினாள். "எம் புள்ள இந்தத் திருவிழாவுல உனக்குப் பால்குடம் எடுப்பா தாயே, நீ அவளுக்கு ஒரு வழி காட்டிரு" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேண்டிக்கொண்ட பிறகுதான் தேதியைப் பார்த்தாள். ஓட்டமும் பால்குடமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை. காலையில் சிரம்பானில் ஓட்டம், சாயங்காலம் தோட்டத்தில் பால்குடம். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினால் குடம் இறக்கும்வரை சோறு தொடக்கூடாது. பாலும் பழமும் இளநீரும்தான். வேண்டுதலைத் தள்ளிப்போடு என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. காந்திமதியே வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்கும் அம்மனுக்கும் நடுவில் அவள் என்ன பேசுவாள்?

வழி கண்டுபிடித்தவன் மூத்தவன் ராமகிருஷ்ணன். தாய்லாந்து எல்லைவரை லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். உள்ளே குட்டிக் குட்டிப் பழுப்புப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சேவல் படம்.

"இதக் குடிச்சிட்டுத்தாம்மா விடிய விடிய லாரி ஓட்டுறோம். தூக்கமும் வராது, பசியும் தெரியாது. டவுன்ல பந்து வெளையாடுறவனெல்லாம் இதத்தான் குடிக்கிறான் லா."

"மாடு, மீனுன்னு எதாச்சும் கலந்திருக்கான்னு பாருடா."

"வெறும் சக்கரத் தண்ணிம்மா. கொஞ்சம் மருந்து."

பஞ்சாலை லேசில் நம்புகிறவளா? ஒரு போத்தலை முந்தானையில் மறைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசாரி சன்னாசி மூடியைத் திருகி முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். சுற்றி நின்ற நாலைந்து பேரும் ஆளுக்கொரு தடவை முகர்ந்தார்கள்.

"கள்ளு வாடை இல்ல" என்றார் சன்னாசி. "எச்சி படல. போதாக்கொறைக்குச் சேவலு. முருகனுக்குக் கொடியாச்சே! விரதத்துக்கு ஆகும், கொண்டு போ."

வழக்கு முடிந்தது. சாமிக்கு ஆகுமா என்று எல்லோரும் கேட்டார்கள். பட்டினி கிடக்கிற பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகுமா என்று கேட்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்று வீட்டில் வந்து கண்டிப்பாகச் சொன்னாள் பஞ்சாலை. "நாளைக்குக் காலையில சாமி படத்துக்கு முன்னால வெச்சு நானே குடுக்கிறேன். வேற யாரும் கை வைக்கப்படாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல பிள்ளைகள்!

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோட்டத்து வேன் லயத்து வாசலில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கினார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி செல்வநாயகம். சிரம்பான் ரஹாங்கில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து மனிதர். தோட்டத்து விளையாட்டுச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே, காந்திமதிக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. மூன்று வருஷமாகத் தினம் சாயங்காலம் அவளைச் செம்மண் சாலையில் ஓடவிட்டுப் பின்னால் சைக்கிளில் வந்தவர். அவர் இல்லாவிட்டால் சிரம்பானில் இவள் பெயர் யாருக்குத் தெரியும்?

அவரிடம் விரதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், சத்தம் போடுவார் என்ற பயம். காந்திமதி நீளக்கைச் சட்டை போட்டுக் கையில் கட்டியிருந்த காப்பை மறைத்துக்கொண்டாள்.

"பிள்ளை பசியாறினவளோ?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"ஆச்சுங்க ஐயா" என்றாள் பஞ்சாலை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லது. இதையும் வெச்சிருங்கோ. அவிச்ச முட்டையும் ரொட்டியும். அங்க போன உடன ரெண்டு வாய் குடுங்கோ. வெறும் வயித்தோட ஓடப்படாது, விளங்குதோ?"

பஞ்சாலை பொட்டலத்தை வாங்கிப் பையின் அடியில் திணித்தாள். முட்டை தொட்ட கையை வாசல் குழாயில் கழுவிக்கொண்டுதான் மகள் கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

"என்னடி, குளிருதா?"

"இல்லம்மா. ராத்திரி தூக்கமே வரல. நெஞ்சு சும்மா டிக்கு டிக்குன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு."

"ஓடப் போறோம்ல, அதான். பயப்படாத." கொஞ்ச நேரத்துக்கு முன்பு திருநீறு போட்டுத் தன் கையாலேயே கொடுத்த தண்ணி வேலை செய்கிறது என்று பஞ்சாலைக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. ராத்திரியே ஏன் தூக்கம் வரவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

*

திடலில் வெயில் சீக்கிரமே ஏறிவிட்டது. ஆறுமுகம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கம்பி வேலியோரம் இடம் பிடித்தார். ராமகிருஷ்ணன் தங்கையின் பையைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ போனான், வந்தான். செல்வநாயகம் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். பஞ்சாலை வேலிக்கு வெளியே நின்று அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

துப்பாக்கி வெடித்ததும் காந்திமதி பாய்ந்தாள்.

அப்படி ஓர் ஓட்டத்தைப் பஞ்சாலை பார்த்ததில்லை. முதல் சுற்றிலேயே மற்றவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு மகள் தனியாக வந்தாள். ஆறுமுகத்துக்குத் துண்டு நழுவியதுகூடத் தெரியவில்லை. "எம் மக! அது எம் மக!" என்று பக்கத்தில் நின்ற சீனரிடம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்வநாயகம் மட்டும் வேலியைப் பிடித்து உலுக்கினார்.

"மெதுவா! மெதுவா ஓடு பிள்ளை! ஏன் இவள் இப்பிடி ஓடுறாள்? நான் இப்பிடிச் சொல்லிக் குடுக்கேல்லையே!"

முன்னால் ஓடுகிற பிள்ளையை மெதுவாக ஓடச் சொல்கிறாரே, இவருக்கென்ன கிறுக்கா என்று பஞ்சாலைக்குக் கோபம் வந்தது.

நாலாவது சுற்றில் அந்தக் கோபம் அடங்கிவிட்டது. மகள் முகத்தில் ரத்தமே இல்லை. வேர்க்க வேண்டிய வெயிலில் உடம்பு காய்ந்து கிடந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி அவளைத் தாண்டினாள்.

"ஏங்க, புள்ளைக்கு என்னமோ ஆவுதுங்க. நிறுத்தச் சொல்லுங்க."

"சும்மா இரு பஞ்சாலை. ரெண்டாவதா வராள்ல, அது போதும். இன்னும் ஒரே ஒரு சுத்துதான்."

அந்த ஒரே ஒரு சுற்றில்தான் காந்திமதி விழுந்தாள்.

கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரம். முட்டி மடங்கி, முகம் தரையில் பட விழுந்தாள். பஞ்சாலை வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தாள். வாசலில் நின்ற ஆள் கையைக் குறுக்கே நீட்டினான். "தா போலே, மக்சிக், தா போலே." கூடாதம்மா, கூடாது என்று மலாயில் சொல்லி விட மாட்டேன் என்கிறான். ராமகிருஷ்ணன் அதற்குள் வேலியில் ஏறிவிட்டான். பழைய பந்தாட்டம் ஒன்றில் உடைந்த முட்டியோடு அவன் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! செல்வநாயகம் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தொடாத! யாரும் தொட்டா அவள் அவுட். மூண்டு வருஷமும் போச்சு. அவளாத்தான் எழும்பவேணும்."

"சார், சாகுறா சார் அவ!"

"அவள் அசையிறாள். பார். அசையிறாள்."

ராமகிருஷ்ணன் அம்மாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் குதித்திருப்பான். பஞ்சாலைக்கு வாய்வரை வந்தது. போடா, தூக்குடா என்று. இருட்டில் விளக்கோடு பால்மரத்துக்கு நடந்து போகும் மகளும் கண்முன் வந்தாள். அவள் கை மகனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. பெற்ற பிள்ளை மண்ணில் கிடந்து தவிக்கிறது, தூக்கப் போகிறவனைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள் தாய். இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

காந்திமதி முழங்காலை ஊன்றினாள். எழுந்தாள். இரண்டடி வைத்துச் சாய்ந்தாள். மறுபடி எழுந்தாள். மூன்றாவது பெண் நெருங்கிக்கொண்டிருந்தபோது, தள்ளாடித் தள்ளாடிக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தாள். இரண்டாவது இடம்.

இந்தத் தடவை அவள் அசையவில்லை.

*

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். பஞ்சாலையை உள்ளே விட்டார்கள், கட்டிலருகே விடவில்லை. மகள் மார்பில் என்னென்னவோ ஒட்டியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் ஒரு பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடியது. அது என்ன சொல்கிறது என்று பஞ்சாலைக்குப் படிக்கத் தெரியாது. துள்ளுகிற விதம் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நர்ஸ் மிஸி ஒருத்தி ஊசி போட நரம்பைத் தேடினாள். வலது கையில் கிடைக்கவில்லை. இடது கைச் சட்டையை மேலே தள்ளினாள். மஞ்சள் துண்டு முடிந்த காப்பு.

"இது என்ன?" என்று தமிழில் கேட்டாள்.

"அம்மனுக்குக் கட்டினது மிஸி. சாயங்காலம் பால்குடம். அது வரைக்கும் அவுக்கப்படாது..."

மிஸி அவளை ஒரு பார்வை பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். பஞ்சாலை கை நீட்டினாள், நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. கத்தரி பட்டுக் காப்பு அறுந்தது. காப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மிஸி ஊசியைக் குத்தினாள்.

"அப்போ சாப்பிடாம ஓடியிருக்கு. எவ்வளவு நாளா?"

செல்வநாயகம் திரைக்கு வெளியே நின்றிருந்தார். தலை உள்ளே நீண்டது. "என்னது? சாப்பிடேல்லையோ? நான் குடுத்த முட்டை?"

பஞ்சாலை பைக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். கட்டினது கட்டினபடி இருந்தது. செல்வநாயகம் சுவரில் சாய்ந்துகொண்டார்.

டாக்டர் வந்தார். மலாய்க்கார வாலிபர். மிஸி மலாயில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அவர் ஏதோ கேட்டார். மிஸி திரும்பினாள்.

"வெறும் பட்டினிக்கு நெஞ்சு இப்படித் தாளம் தப்பி அடிக்காதுங்கிறாரு. மாத்திரை, மருந்து, எனர்ஜி தண்ணி, எது உள்ள போச்சுன்னு சரியாச் சொல்லுங்க. தெரிஞ்சாத்தான் எதக் குடுக்கலாம், எதக் குடுக்கப்படாதுன்னு பார்க்க முடியும்."

மகனோடு திரையோரம் நின்ற ஆறுமுகம் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லீங்களே. ஒண்ணுமே இல்ல."

செல்வநாயகம் அவர் காதில் கிசுகிசுத்தது பஞ்சாலைக்கும் கேட்டது. "அந்தத் தண்ணியில இருக்கிற சரக்கு அளவுக்கு மிஞ்சினால் போட்டியில தடை. தேர்வுக் குழுவில இருந்து ஒரு ஆள் இஞ்ச வந்து நிக்கிறார். அவர் காதுக்குப் போனா, இவளின்ர இடம் போயிரும்."

இடம் போய்விடும். சொன்னால் மகளின் பிழைப்புப் போகும். சொல்லாவிட்டால் மகளே போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஒரு மூச்சு நேரம் அவள் யோசித்தாள். அந்த ஒரு மூச்சுக்காகத் தன்னையே வெறுத்தாள்.

"நான் குடுத்தேன் மிஸி" என்றாள். "சேவல் தண்ணி. காலையில ஒரு போத்தல். ஒண்ணே ஒண்ணு."

டாக்டர் தலையை ஆட்டினார். ஒன்றுக்கு இவ்வளவு ஆகாது என்றாராம்.

ராமகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். "நேத்து ராத்திரி படுக்கப்போகும்போது நான் ஒண்ணு குடுத்தேம்மா. பசிக்குதுன்னு அழுதா. பசி தெரியாம இருக்கட்டும்னு..."

"படுபாவி! கை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"ஏசாத அவன" என்றார் ஆறுமுகம். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "வேன்ல வரும்போது நானும் ஒண்ணு குடுத்தேன். நீ முன்னால திரும்பி உக்காந்திருந்த. அம்மாகிட்ட சொல்லாதடின்னேன். நானும் எம் புள்ளைக்கு ஏதாச்சும் செஞ்சேன்னு இருக்கட்டுமேன்னு..."

பஞ்சாலை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியாமல் ஒருவர் கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் பாசம். கொடுத்த ஒவ்வொன்றையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இந்தப் பெண் குடித்திருக்கிறாள். பால்குடத்துக்குச் சரி என்றது மாதிரி, பட்டினிக்குச் சரி என்றது மாதிரி.

"மூணா?" என்றாள் மிஸி.

"நாலு" என்றது கட்டில்.

காந்திமதி கண்ணைத் திறந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. "நாலு மிஸி. ஓடுறதுக்குக் கொஞ்சம் முன்னால இன்னொண்ணு."

"அது யாரு குடுத்தா?"

அவள் கண் திரையின் இடைவெளிக்குப் போனது. அங்கே செல்வநாயகம் நின்றிருந்தார். போன கண் உடனே திரும்பியது.

"யாரும் குடுக்கல. நானே குடிச்சேன்."

மிஸி டாக்டரிடம் சொன்னாள். "செண்டிரி" என்று டாக்டர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். பஞ்சாலைக்குத் தெரிந்த கொஞ்ச மலாயில் அந்தச் சொல் இருந்தது. தானாகவே. அவளாகவே.

டாக்டர் இந்த ராத்திரி தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பஞ்சாலை கட்டிலருகே ஒட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

"பொய் ஏன்டி சொன்ன? நீயா எடுத்துக் குடிக்கிறவளா?"

"மெதுவாம்மா..." மூச்சு வாங்கியது. "சார்தான் குடுத்தாரு, அவரு பையில இருந்து இதே சேவல் தண்ணி. என்னடி பிள்ளை இப்பிடி வெளுத்துப் போயிருக்கேன்னு கேட்டாரு. இது ஒண்ணுதான், நீ குடிச்சிட்டு ஓடுன்னாரு. நீங்கல்லாம் குடுத்தது அவருக்குத் தெரியாதும்மா. விரதம்னும் தெரியாது. சொல்லிராத. அவரு பேரு கெட்டா, எனக்காகப் பேச யாரு இருக்கா?"

பஞ்சாலை அவள் நெற்றியைத் தடவினாள். தன் புருஷன் கொடுத்தது, தன் மகன் கொடுத்தது, தான் கொடுத்தது. இப்போது படித்த மனிதர் ஒருவரும் அதையே செய்திருக்கிறார். யாரைப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்பாள்? கேட்கிற தகுதி அவளுக்கு மட்டும் இருக்கிறதா?

"எனக்கு எடம் உண்டாம்மா? ரெண்டாவதாத்தானே வந்தேன்?"

"வந்தடி. ரெண்டாவதாத்தான் வந்த."

வெளியே நடையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தேர்வுக் குழுக்காரர் செல்வநாயகத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரையின் இடைவெளியில் இருவரும் தெரிந்தார்கள். குழுக்காரர் டாக்டர் போன பக்கம் கையைக் காட்டி, மலாயில் ஒரு கேள்வி கேட்டார். கேள்வி பஞ்சாலைக்குப் புரிந்தது. அந்தப் பெண் தானாகவேதான் குடித்தாளா? ஆம் என்றால் பழி மகள் தலையில், இல்லை என்றால் கொடுத்தவர் தலையில்.

செல்வநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி, திரைக்குள் இருந்த தாயையும் மகளையும் பார்த்தார். பஞ்சாலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள் என்றும் இல்லை, சொல்லாதீர்கள் என்றும் இல்லை. எதைக் கேட்பதென்று அவளுக்கே தெரியாத பார்வை அது.

அந்த நேரம் பார்த்துப் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்த பெட்டி கூவ ஆரம்பித்தது. மிஸி ஓடிவந்து பஞ்சாலையைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள். திரை மூடியது. செல்வநாயகம் என்ன பதில் சொன்னார் என்பது அவள் காதில் விழவில்லை. உள்ளே மகள் "அம்மா" என்று கூப்பிட்டாளா, அதுவும் தெரியவில்லை.